கிராம சபையில் சத்தம் போட்டால்தான் வேலை நடக்குமா? பதமாகப் பேசினால் ஜால்ராவா?

ராகிக்களி:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு வட்டத்துல ஒரு குக்கிராமம், சுமார் 900 பேர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒண்ணு இருக்கு. ஒகேனக்கல் தண்ணியும் போர் தண்ணியும் சேர்ந்துதான் அதுல ஏறுது. மேற்குத் தெரு கடைசி லைன். அங்க நாலு நாளைக்கு ஒருக்காதான் குழாய்ல சொட்டுது. அடுத்த கிராம சபையில இதை எழுப்பணும்னு இளைஞர் மன்றத்துல முடிவாயிருச்சு. எப்படிப் பேசறதுங்கறதுலதான் ரெண்டு கட்சி.

"செயலரை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கணும், வீடியோ எடுத்து அன்னைக்கே குரூப்ல போடணும்" - இது ஒரு கட்சி. "பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸைப் பகைச்சுக்கிட்டா தெருவிளக்குக்கு பல்புகூட வராது, பதமா போகணும்" - இது இன்னொண்ணு. ரெண்டாவது கட்சிக்கு ஊர்ல ஜால்ரான்னு பேரும் வெச்சாச்சு.

பொது வாழ்க்கையில இந்த நயம், பக்குவம் எல்லாம் நிஜமாவே வேலைக்கு ஆகுதா? ஆகும்னா எப்படி? உபதேசம் வேண்டாங்க, செய்முறை சொல்லுங்க.

தென்பெண்ணை:

முதலில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்குவத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஒகேனக்கல் தண்ணீரை உங்கள் தொட்டிவரை கொண்டு வருவது குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து தெருக் குழாய் வரை ஊராட்சியின் பொறுப்பு. தொட்டிக்கே தண்ணீர் குறைவாக வந்தால் ஊராட்சிச் செயலரைத் திட்டிப் பயனில்லை. தொட்டி நிரம்பியும் மேற்குத் தெருவுக்கு வரவில்லை என்றால் வாரியப் பொறியாளரைத் திட்டிப் பயனில்லை. தப்பான ஆளைச் சபையில் நிற்க வைத்தால், அவர் "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க" என்று ஒரே வரியில் தப்பித்துவிடுவார், உங்கள் பக்கம்தான் விவரம் தெரியாதவர்கள் என்றாகும்.

பிறகு கணக்கு. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்ட அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 900 பேருக்கு 49,500 லிட்டர். தொட்டி ஒரு நாளில் ஒரு தடவை நிரம்பினால் ஆளுக்கு 33 லிட்டர்தான், இரண்டு தடவை நிரம்பினால் போதும். ஆக, தொட்டி எத்தனை தடவை நிரம்புகிறது என்பதுதான் கேள்வி. தண்ணீர் விடுகிற ஆபரேட்டரிடம் சபைக்கு ஒரு வாரம் முன்பே தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எந்த கேட் வால்வு பழுது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, நடுவில் யார் வீட்டில் லைனில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் எல்லாம் சொல்வார். சபையில் அவர் பெயரை இழுக்காமல் இருந்தால் மட்டுமே சொல்வார். ஊராட்சியில் சொற்பச் சம்பளம் வாங்குகிறவர் அவர். பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு மறுநாள் வால்வைத் திறந்துவிடச் சொன்னால் எப்படித் திறப்பார்?

எந்தச் சபை என்பதும் முக்கியம். ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குடிநீர்ப் பேச்சு எப்படியும் வரும். கோடை தொடங்குகிற நேரம் என்பதால் அதிகாரிகளுக்கும் கவலை இருக்கும். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும்.

உங்கள் விஷயத்தை எழுத்தில் முன்கூட்டியே செயலரிடம் கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். சபைக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், அதற்கும் முன்பு கொடுங்கள். சேர்க்காவிட்டால் "இதர பொருள்கள்" என்று கடைசியில் தள்ளுவார்கள். அதற்குள் டீ குடித்துவிட்டு எல்லாரும் போயிருப்பார்கள். கோரமும் (சபை செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) பாருங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இது உங்கள் குக்கிராமத்துக்கு அல்ல, மொத்த ஊராட்சிக்கு. கோரம் இல்லாத சபையில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் வீண்.

பேசும் விதம். "மோட்டார் ரிப்பேர்னு எழுதின காசு எங்க போச்சு?" என்று ஆரம்பித்தால் அடுத்த அரை மணி நேரம் காசைப் பற்றியே சண்டை நடக்கும், தண்ணீர் மறந்துபோகும். காசுக் கேள்வி தேவையில்லை என்று சொல்லவில்லை. வரவு செலவு படிக்கும்போது அதைத் தனியாகக் கேளுங்கள். தண்ணீருக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மேற்குத் தெருவுக்குக் கடைசியா எந்தெந்தத் தேதியில தண்ணி விட்டீங்கன்னு பதிவேட்டுல இருக்குங்களா? இருந்தா படிச்சுச் சொல்லுங்க." இதில் யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை. பதிவேடு இருந்தால் உண்மை வெளிவரும். இல்லாவிட்டால் அது இல்லை என்பது நூறு பேர் முன்னால் வெளிவரும். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் குரலை உயர்த்தத் தேவை இருக்காது.

மூன்று பேர் பேசினால் போதும், ஆளுக்கு இரண்டு நிமிடம். அதில் ஒருவராவது தினமும் குடம் தூக்குகிற அம்மாவாக இருக்கட்டும். மன்றப் பையன்களே மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த எலக்‌ஷனுக்கு அடி போடுகிறார்கள் என்றுதான் ஊர் பேசும். வீடு, நூறு நாள் வேலை, ரேஷன் எல்லாவற்றையும் அதே மூச்சில் கொட்ட வேண்டாம். அதிகாரி அதில் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

கச்சேரிமேடு:

மேலே சொன்னது சரி. மனு கொடுப்பதையும் மறியலையும் பற்றி நான் சேர்க்கிறேன்.

திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஆட்சியர் அலுவலகம் போகிறவர்கள் செய்கிற தப்பு, நாலு பக்க மனு. ஆட்சியர் மேசையில் ஒரு மனுவுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. பொருள் வரியில் ஊராட்சி, ஒன்றியம், தெரு, தொட்டியின் கொள்ளளவு. "பார்வை" என்ற இடத்தில் முன்பு கொடுத்த மனு எண், கிராம சபைத் தீர்மானத் தேதி. அப்புறம்தான் விவரம். "பலமுறை கூறியும் மெத்தனமாக, அலட்சியமாக" போன்ற வார்த்தைகளை எடுத்துவிட்டு, சொன்ன தேதிகளை மட்டும் வரிசையாகப் போடுங்கள். மெத்தனம் என்று எழுதினால், விளக்கம் கேட்டு மனு எந்த அலுவலருக்குப் போகுமோ அவரே "புகாரில் உண்மையில்லை" என்று பதில் எழுதுவார். தேதிகளை மறுத்து எழுத அவருக்கு வழி இல்லை. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம், ஆனால் ஒரே கோரிக்கையை நாலு இடத்தில் நாலு விதமாகப் பதிந்தால் ஒன்றைக் காட்டி மற்றதை முடித்துவிடுவார்கள். வாசகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

காலிக் குடத்தோடு மறியல் நம் மாவட்டத்தில் கோடைக்குக் கோடை நடப்பதுதான். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறியலுக்கும் ஒரு பக்குவம் உண்டு. போலீஸ் வந்ததும் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பேச ஒரே ஆள், பக்கத்தில் குறித்துக்கொள்ள ஒரு ஆள் என்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ், ஸ்கூல் பஸ் வந்தால் கேட்காமலே வழிவிட வேண்டும். விடாவிட்டால் அந்தப் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் உங்களுக்கு எதிரிகள். சட்ட விரோதக் கூட்டம், வழிமறித்தல் என்று வழக்கு வரக்கூடும் என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும்.

இன்னொன்று, வந்து நிற்கிற பி.டி.ஓ.விடம் "புது போர் போடறேன்னு இப்பவே சொல்லுங்க" என்று கேட்பது. அவரால் நடுரோட்டில் அதைச் சொல்ல முடியாது. மதிப்பீடு போடணும், தொழில்நுட்ப அனுமதி, நிதி ஒப்புதல் வாங்கணும். சொன்னால் பொய்யாகத்தான் சொல்வார், நீங்களும் கைதட்டிக் கலைந்துவிடுவீர்கள். அவரால் முடிந்ததைக் கேளுங்கள்: இன்று மாலை லாரித் தண்ணீர், நாளை மோட்டார் மெக்கானிக், போர் மதிப்பீடு எந்தத் தேதிக்குள் மேலே போகும் என்று ஒரு தாளில் எழுத்து. அவருக்கும் கூட்டத்தின் முன்னால் தலை குனியாமல் காரில் ஏற வழி கிடைக்கும், உங்கள் கையில் தாள் இருக்கும்.

போர் தண்ணீர் கலக்கிறது என்றீர்கள். ஃப்ளோரைடு பயம் நம் பக்கம் நியாயமானதுதான், ஒகேனக்கல் திட்டமே அதற்காக வந்ததுதான். அதற்காக "தண்ணியில விஷம்" என்று மைக்கில் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அதிகாரிகள் உங்களை வதந்தி பரப்பியவர் ஆக்கிவிடுவார்கள். "வாரிய ஆய்வகத்தில் சோதித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று அறிக்கையை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள்" என்று கேளுங்கள்.

சூளகிரியான்:

தண்ணி விஷயத்துல எனக்கு மேல விவரம் தெரிஞ்சவங்க பேசிட்டாங்க. பொது வாழ்க்கைன்னு கேட்டதால அழைப்பிதழ் பத்திச் சொல்றேன். சிரிக்காதீங்க, வெள்ளாமைத் தகராறைவிட அழைப்பிதழ்த் தகராறு எங்க பக்கம் அதிகம்.

தொட்டி கட்டி முடிச்சுத் திறப்பு விழா வெச்சா, எம்.பி. ஒரு கட்சி, எம்.எல்.ஏ. இன்னொரு கட்சின்னு இருக்கும். அரசு நிதின்னா அழைப்பிதழ் அடிக்கற வேலை உங்களுது இல்ல, துறைதான் அடிக்கணும். நீங்க மன்றத்து பேர்ல தனியா ஃப்ளெக்ஸ் வைக்கறீங்கன்னா ஒண்ணு பண்ணுங்க: அச்சுக்கு முன்னாடி வரிசையை துறை அலுவலர்கிட்ட காட்டி ஓகே வாங்குங்க, போட்டோ எல்லாம் ஒரே சைஸ், இல்லைன்னா யார் போட்டோவும் வேண்டாம். விட்டுப்போன ஒரு பேருக்காக திறப்பு விழா நின்னு, தொட்டி பூட்டியே கிடக்கற கூத்தெல்லாம் உண்டு. மேடையில நாற்காலி எண்ணி, கூட நாலு போடுங்க. கூப்பிடாம வர்றவரும் உட்காரணும். விளிப்பை ரெண்டு நிமிஷத்துல முடிக்க, பதவி வரிசைப்படி பேர் எழுதின சீட்டு வரவேற்பாளர் கையில இருக்கணும். மனப்பாடமா சொல்றேன்னு ஆரம்பிக்கறவர் கட்டாயம் யாரையாவது முழுங்கிடுவார், முழுங்கினது முக்கியமான ஆளாத்தான் இருக்கும்.

மொழியும் பாருங்க. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் சபையில பாதிப்பேர் வீட்ல தெலுங்கோ கன்னடமோதான். பெரியவங்க அவங்க பேச்சுல சொல்லட்டும், குறுக்க வந்து "தமிழ்ல பேசுங்க"ன்னா அந்தத் தெரு முழுசும் வாயை மூடிக்கும். தீர்மானம் தமிழ்ல எழுதினதும் ஒருத்தர் அவங்க மொழியில திருப்பிச் சொன்னா போதும். அதுக்கப்புறம் கையெழுத்து வாங்குங்க.

"இல்லை"ன்னு சொல்றதுலயும் நேரம் இருக்கு. 2023 பிப்ரவரி 2 ஓசூர் பக்கம் கோபசந்திரத்துல எருது விடும் விழா அனுமதி குழப்பத்துல சென்னை - பெங்களூரு ஹைவேயே மணிக்கணக்கா நின்னுச்சு, கல்லெறி வரைக்கும் போச்சு. காளையும் கூட்டமும் வந்து சேர்ந்த பிறகு எந்த வார்த்தையும் காதுல ஏறாது. முடியாதுன்னாலும், முடியும்னாலும், தள்ளிப் போடறோம்னாலும் முந்தின நாள் பொழுது சாயறதுக்குள்ள, முடிவெடுக்கற அதிகாரம் உள்ளவர் வாயாலயே ஊருக்குத் தெரியணும். மன்றத்துல இருக்கற நீங்களும் அதேதான். வசூல் பண்ண முடியலன்னா பண்டிகைக்கு முன்னாடியே சொல்லிருங்க.

பழைய தகடூர்:

ஜால்ரா என்ற பேச்சு வந்ததால் இரண்டு பழைய செய்திகள்.

தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். அறிவிலோ நேர்மையிலோ அவரைக் குறை சொன்னவர் குறைவு. 1953இல் முதல்வராக இருந்த அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது, மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். எதிர்த்தவர்கள் வைத்த "குலக்கல்வி" என்ற பெயரே நிலைத்துவிட்டது. திட்டத்தின் உள்ளடக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமன்றத்தில் பேசாமல், சொந்தக் கட்சிக்காரர்களையே கலக்காமல் அதைக் கொண்டுவந்ததால், தாக்குதல் வந்தபோது அவருக்காக நிற்க ஆள் இல்லை. 1954இல் பதவி விலகினார்.

அடுத்து வந்த காமராஜரைப் பாருங்கள். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். தோற்றவர்கள் வெளியே நின்று கோஷ்டி கட்டியிருக்க வேண்டியது, உள்ளே உட்கார்ந்து கோப்பு பார்த்தார்கள். இன்னும் நுட்பம், 1954 மே மாதம் அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டபோது அதை அறிவித்தவர் கல்வியமைச்சராக இருந்த அதே சுப்பிரமணியம். திட்டமும் போனது, ராஜாஜி தரப்புக்குப் பெரிய அவமானமும் நேரவில்லை. இதை யாரும் ஜால்ரா என்று சொல்ல முடியாது, காமராஜர் தான் நினைத்ததில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

நம் தண்ணீருக்கே வருவோம். 2008 பிப்ரவரியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் தேர்தல் நெருங்கிய நேரம், எல்லையில் போராட்டம் மூண்டது. ஏப்ரலில் முதல்வர் கருணாநிதி, அங்கே தேர்தல் முடிந்து புதிய அரசு வரும்வரை பொறுப்போம் என்று அறிவித்தார். இங்கே கடுமையான விமர்சனம் வந்தது, பின்வாங்கல் என்றார்கள். தேர்தல் சூட்டில் அந்த மாநிலத்தில் எந்தக் கட்சியாலும் இறங்கிவந்து பேச முடியாது என்பதுதான் அந்தக் கணக்கு என்று நான் படிக்கிறேன். திட்டம் நடந்தது. 2013இல் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்த் திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் குடிக்கிறது. காத்திருந்த மாதங்களில் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்த மக்களுக்கு அது சும்மா கிடைத்த பொறுமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன புறநானூற்றுப் பாட்டை (95) எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புகழ்வது போலச் சொன்னார். அதோடு விட்டுவிடுவார்கள். பின்னால் அதியமானின் தகடூரை அழித்தது தொண்டைமான் அல்ல, சேரன். ஒரு பக்கத்து எதிரியிடம் பேசி முடித்தால் எல்லாப் பக்கமும் பேசி முடித்ததாகாது.

மூணாவது பெஞ்சு:

ஒரு விஷயம் விட்டுப்போகுது. மேற்குத் தெரு எந்தத் தெரு? நம்ம ஊர்கள்ல கடைசி லைன் யாருக்குப் போகும்னு எல்லாருக்கும் தெரியும். பைப் கடைசியில இருக்கறதால தண்ணி வரலைன்னா மேல சொன்ன நயம் எல்லாம் சரி. வேணும்னே வால்வை மூடறாங்க, பொதுக் குழாய்ல பிடிக்க விடமாட்டேங்கறாங்கன்னா பேச்சே வேற.

அங்க "பக்குவமா போலாம்"னு சொல்றவர் யார் பக்கம் உட்கார்ந்து சொல்றார்னு பாருங்க. சாதி பார்த்துப் பொதுத் தண்ணியைத் தடுக்கறது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல குற்றம். தாசில்தார் முன்னாடி சமாதானம் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் குற்றம் சமரசத்துல தீராது. 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்ல. புலன்விசாரணை டி.எஸ்.பி. ரேங்க்குக்குக் குறையாதவர் பண்ணணும். கடமையை வேணும்னே செய்யாத அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதி, பழங்குடிக்காரரா இல்லாதபட்சத்துல, 4ஆவது பிரிவு இருக்கு. புகாரை அமைதியா, தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே எழுதிக் கொடுங்க. அவ்வளவுதான் அங்க தேவைப்படற நயம்.

ராகிக்களி:

எல்லாருக்கும் நன்றிங்க. மூணாவது பெஞ்சு அண்ணா, கேட்டது நியாயமான கேள்வி. எங்க ஊர்ல மேற்குத் தெருவுல எல்லாரும் கலந்துதான் இருக்காங்க, இது மேடு பள்ளப் பிரச்சினைதான். ஆபரேட்டரும் அதையேதான் சொல்றார்.

இன்னும் ரெண்டு சந்தேகம். எதிர்க்கட்சி ஆள் ஒருத்தர் எந்தச் சபையிலயும் எழுந்து "நீ யாருடா கேக்க"ன்னு ஆரம்பிப்பார். அதுக்கு என்ன பண்றது? அப்புறம், செயலர் "எழுதிக்கறேன்"னு சொல்லிட்டு எழுதாம விட்டா?

தென்பெண்ணை:

முதலாவதுக்கு: அவருக்குப் பதில் சொல்லாதீர்கள், தலைமையில் இருப்பவரைப் பார்த்துப் பேசுங்கள். "ஐயா, நான் பேசி முடிச்சதும் அவருக்கும் மைக் கொடுங்க" என்றால் போதும். அவருக்கு வேண்டியது மைக்தான், கிடைக்கும் என்று தெரிந்ததும் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். முடிந்தால் சபைக்கு முன்னாலேயே அவர் வீட்டுக்குப் போய், "மேற்குத் தெரு விஷயத்தை நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லணும்ணா" என்று கேட்டுப் பாருங்கள். ஆடுற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். நல்ல பெயர் அவருக்கும் கொஞ்சம் போகும். போகட்டும்.

இரண்டாவதுதான் உண்மையான ஆபத்து. வருகைக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுவார்கள், தீர்மானங்கள் பின்னால் எழுதப்படும். இரண்டுக்கும் இடையில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அதனால் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்:

"மேற்குத் தெருவுக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே குடிநீர் கிடைப்பதால், கேட் வால்வைப் பழுது நீக்கி, தெருவாரியாக நேரம் பிரித்து இரண்டு நாட்களுக்கு ஒருமுறை வழங்கவும், தொட்டி நாளொன்றுக்கு இருமுறை நிரம்பும் அளவுக்கு நீர் வழங்கக் குடிநீர் வடிகால் வாரியத்தைக் கோரவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

முதல் பாதி ஊராட்சி கையில் இருக்கிறது, அந்த வாரமே செய்யலாம். இரண்டாம் பாதி வாரியத்துக்கு. இரண்டையும் கலந்து "போதிய குடிநீர் வழங்கக் கோரி" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் வேலை கிடையாது. தாளைச் செயலரிடம் கொடுக்கும்போது "உங்களுக்கு எழுதற வேலை மிச்சம்ங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கூட்டம் முடியுமுன் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லி, சபையைக் கவனிக்க வரும் பற்றாளரிடம் கேளுங்கள். அவர் வெளி அலுவலர், ஊர்ப் பகை அவருக்கு இல்லை, கேட்டால் வாசிக்க வைப்பார். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசித்தும் பதிவாகவில்லை என்றால், தீர்மான நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. நகலில் உங்கள் தீர்மானம் இல்லையென்றால், சபையில் இருந்தவர்களின் கையெழுத்தோடு ஆட்சியருக்கு எழுதுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். அதிலும் செயலரைத் திருடன் என்று எழுத வேண்டாம், "விடுபட்டுள்ளது, சேர்க்க உத்தரவிடக் கோருகிறோம்" என்று எழுதுங்கள். விடுபட்டதைச் சேர்ப்பது அவருக்குச் சுலபம். திருடன் என்று எழுதினால், தான் திருடன் இல்லை என்று நிரூபிக்கிற வேலையில் இறங்கிவிடுவார்.

வீடியோ எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எடுத்து வைத்திருங்கள். அவர்கள் சொன்ன தேதி தாண்டும்வரை குரூப்பில் போடாதீர்கள்.